கவர்னரில் கை வைக்கும் முன்

சின்ன பெட்ரோல் எஞ்சினில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் பழி விழுவது எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் மேல்தான். எஞ்சின் ஏறி இறங்கி ஓடினால் "கவர்னர் போச்சு" என்பார்கள். இழுவை குறைந்தால் "கவர்னர் ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு" என்பார்கள். பிளையரை எடுத்து, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டை ஒரு வளைப்பு வளைத்துவிட்டால் எஞ்சின் உறுமத் தொடங்கும். கொண்டுவந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திருப்தியாகப் போய்விடுவார். அந்த ஒரு வளைப்பு என்னென்ன செய்கிறது, அது எப்போது தேவை, பெரும்பாலான நேரம் அது ஏன் தேவையே இல்லை என்பதை முழுமையாகப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஏனென்றால் கவர்னர் வைத்த சின்ன எஞ்சின்கள் நம்மைச் சுற்றிப் பெருகிவிட்டன.

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கும் சேதராப்பட்டையே எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோடுகளால் புதுச்சேரி நிலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சேதராப்பட்டும் அப்படி ஒரு பக்கம்தான். தொழிற்பேட்டையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாட்டின் வானூர் வட்டம் வந்துவிடும். தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஆலைகளுக்குப் புல்தரை உண்டு, மரம் நட்ட பசுமைப் பட்டை உண்டு. சுற்றுச்சூழல் அனுமதிக்குள் வரும் ஆலைகளுக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமையாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அந்தப் புல்லெல்லாம் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கும். புல்வெட்டும் மிஷின் அப்போதுதான் ஆறு மாதத் தூக்கத்திலிருந்து வெளியே வரும். வெளியே வயலில் களையெடுக்கும் பவர் வீடர், தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் பம்ப், கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர், கிழக்கே கடலுக்குப் போனால் ஃபைபர் படகு. இவை எல்லாவற்றிலும் ஒரு கவர்னர் உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அது கிடையாது. நம் மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் தொழில் பழகியவர்கள். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் ஆக்சிலேட்டரைத் திருகினால் கேபிள் நேராகப் போய்க் கார்புரேட்டரைத் திறக்கும். எவ்வளவு திறப்பது என்பதை ஓட்டுபவரின் மணிக்கட்டு முடிவு செய்கிறது. புல்வெட்டி எஞ்சினிலும் ஒரு நெம்புகோல் இருக்கும். அதன் ஒரு முனையில் முயல் படம், மறுமுனையில் ஆமைப் படம். முயல் பக்கம் தள்ளினால் கார்புரேட்டர் திறக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கேபிள் கார்புரேட்டரின் த்ராட்டில் தகட்டைத் தொடுவதே இல்லை. அது ஒரு ஸ்பிரிங்கை இழுக்கிறது. ஸ்பிரிங் கவர்னர் நெம்புகோலை இழுக்கிறது. கவர்னர் நெம்புகோலிலிருந்து போகும் கம்பிதான் த்ராட்டிலை அசைக்கிறது. இன்ன வேகத்தில் ஓடு என்று கேட்பது மட்டுமே நம் கையின் வேலை. அந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும், எப்போது கூட்ட வேண்டும், எப்போது குறைக்க வேண்டும் என்பதை நொடிக்கு நொடி கவர்னர்தான் தீர்மானிக்கிறது. அடர்ந்த கோரைப் புல்லுக்குள் பிளேடு போனதும் எஞ்சின் அடங்கப் பார்க்கும். கவர்னர் த்ராட்டிலைத் திறந்து அதைத் தூக்கிவிடும். புல்லைத் தாண்டி வெறும் தரைக்கு வந்ததும் எஞ்சின் பறக்கப் பார்க்கும், கவர்னர் மூடும்.

இது தராசின் இரண்டு தட்டு மாதிரி. ஒரு தட்டில் ஸ்பிரிங். எப்போதும் த்ராட்டிலைத் திறக்கவே இழுக்கும். இன்னொரு தட்டில் எஞ்சினின் வேகமே உண்டாக்கும் விசை. எப்போதும் மூடவே தள்ளும். இரண்டும் சமமாகும் இடம்தான் எஞ்சின் ஓடும் வேகம்.

அந்த இரண்டாவது விசையை உண்டாக்குவதில் இரண்டு வகை. பழைய, மலிவான புல்வெட்டிகளில், முக்கியமாக அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்கள் பலவற்றில், காற்று விசிறித் தகடு இருக்கும். ஃப்ளைவீலின் சிறகுகள் எஞ்சினைக் குளிர்விக்க வீசும் காற்று ஒரு சிறு தகட்டின்மேல் மோதும். வேகம் கூடினால் காற்று கூடும், தகடு நகர்ந்து த்ராட்டிலை மூடும். மில்வாக்கியில் 1908-இல் தொடங்கிய அந்த நிறுவனம் இந்த வகையைக் கோடிக்கணக்கான புல்வெட்டிகளில் பரப்பியது. மற்றது எடைக்குண்டு வகை. எஞ்சினுக்குள், ஆயிலில் நனைந்தபடி ஒரு சிறு பல்சக்கரம் சுழலும்; அதில் இரண்டு எடைகள் கீல் போட்டு மாட்டியிருக்கும். வேகம் ஏற ஏற எடைகள் வெளியே விரிந்து ஒரு குமிழைத் தள்ளும். குமிழ் ஒரு தண்டைத் திருப்பும். அந்தத் தண்டுதான் எஞ்சின் உடம்பைத் துளைத்து வெளியே வந்து நிற்கிறது. ஹோண்டா 1983-இல் அறிமுகம் செய்த ஜி.எக்ஸ். வரிசையும், அதில் வந்த ஜி.எக்ஸ். 160-ஐப் பார்த்துச் சீனாவில் செய்த 168எஃப் வகை எஞ்சின்களும் இந்த ஜாதி. இன்று நம் ஊரில் பம்ப், பவர் வீடர், ஜெனரேட்டர் என்று பெட்ரோலில் ஓடுபவற்றில் பெரும்பகுதி இவைதான்.

வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. காற்றுத் தகடு வகை எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது மிக ஆபத்தானது. மூடி இல்லாவிட்டால் காற்று தகட்டுக்குப் போகாது. வேகம் எவ்வளவு ஏறினாலும் கவர்னருக்குத் தெரியாது. ஸ்பிரிங் த்ராட்டிலை முழுதாகத் திறந்துவிடும். கார்புரேட்டர் தெரியட்டும் என்று மூடியைக் கழற்றி வைத்துக் கயிறு இழுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். காய்ந்த புல் தூள் ஃப்ளைவீல் வலையில் அடைத்துக்கொண்டாலும் இதே விளைவுதான், மெதுவாக நடக்கும். எஞ்சின் சூடாவதோடு வேகமும் ஏறும்.

கவர்னர் புல்வெட்டிக்காகப் பிறந்ததல்ல. காற்றாலைகளில் அரைகல்லின் இடைவெளியைச் சரிசெய்ய இதே சுழலும் குண்டுகள் முன்பே பயன்பட்டன. ஜேம்ஸ் வாட் 1788-இல் அதை நீராவி எஞ்சினுக்குக் கொண்டுவந்தார். புல்வெட்டி 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவரின் காப்புரிமையாக வந்தது; அப்போது அதைத் தள்ளியது மனிதக் கை. இரண்டும் ஒரே மிஷினில் சேர வெகு காலம் ஆனது. இந்த வரலாற்றில் நமக்கு நேரடியாக உதவுவது ஒரே ஓர் ஆண்டு: 1868. மின்காந்தவியலால் பெயர் பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அந்த ஆண்டு கவர்னர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை எழுதினார். வேகத்தைக் கட்டுப்படுத்த வைத்த கருவியே சில சமயம் வேகத்தை ஊசலாட வைப்பது ஏன் என்பது அவர் ஆராய்ந்த கேள்விகளில் ஒன்று. ஒரு சிறு தடுமாற்றம் வந்தால் அது தானே அடங்குமா, இல்லை ஒவ்வொரு சுற்றிலும் பெரிதாகுமா என்பதைக் கணக்காக்கிக் காட்டினார். தானியங்கிக் கட்டுப்பாடு என்று இன்று பொறியியல் கல்லூரியில் படிக்கும் பாடத்தின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று. மயிலம் சாலைப் பட்டறையில் மூச்சு வாங்கும் புல்வெட்டியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது.

அந்த மூச்சு வாங்கலை மெக்கானிக்குகள் "ஹன்ட்டிங்" என்பார்கள். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நிற்காது, சீராகவும் ஓடாது. பெரும்பாலும் சுமை இல்லாதபோது வரும். புல்லுக்குள் போனால் சரியாகிவிடும். இதற்குக் கவர்னரைத் திருகுவதுதான் நம் ஊரில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. நடப்பது என்னவென்றால், குறைந்த த்ராட்டிலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட் எனும் மிகச் சின்ன துவாரம். அது பாதி அடைத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகும், எஞ்சின் தளரும். கவர்னர் தன் கடமைப்படி த்ராட்டிலைத் திறக்கும், திறந்ததும் மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோல் வந்து எஞ்சின் எகிறும், கவர்னர் மூடும், மறுபடி பைலட் ஜெட்டின் பட்டினி. கவர்னர் இங்கே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. கெட்டிருப்பது கார்புரேட்டர்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் ஹன்ட்டிங்கில் இருக்கும்போது சோக்கைக் கொஞ்சமாக மூடிப் பாருங்கள். ஏற்ற இறக்கம் நின்றால், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஜெட் அடைப்பு அல்லது எங்கோ காற்று புகுகிறது. அடுத்து, த்ராட்டில் நெம்புகோலை விரலால் ஒரே இடத்தில் அசையாமல் பிடித்துப் பாருங்கள், பிளேடுக்கும் சூடான சைலன்சருக்கும் கையை எட்ட வைத்துக்கொண்டு. பிடித்தபோது எஞ்சின் சீராக ஓடினால் கவர்னர் இணைப்பில் கோளாறு. பிடித்தும் திணறினால் கார்புரேட்டர்தான். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஸ்பிரிங்கைத் தொடவே கூடாது.

ஜெட் ஏன் அடைக்கிறது என்பதற்கு நம் பக்கத்துக் காரணங்கள் உண்டு. புதுச்சேரியில் பெட்ரோல் வரி குறைவு, தமிழ்நாட்டைவிட விலை குறைவு. எல்லை தாண்டி வந்து கேனில் வாங்கிவைப்பது இயல்பு. புல்வெட்டிக்கு வாங்கிய பெட்ரோல் வேலை முடிந்ததும் டேங்கிலேயே அடுத்த மழைக்காலம் வரை கிடக்கும். கிடந்த பெட்ரோலின் மெல்லிய பகுதி ஆவியாகிப் பிசின்போல ஒரு படிவு மிஞ்சும். இதோடு எத்தனால். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் தொடங்கி 2025-க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் தங்கும். அலுமினியக் கிண்ணத்தில் வெள்ளைத் தூள்போல் பூத்திருப்பதைப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கிறது. பழைய சிறு எஞ்சின்களின் கையேடுகள் பல 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருந்து எளிது. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து மிச்சத்தை வடித்துவிட வேண்டும்.

காற்று புகுவது இன்னொரு காரணம். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு தடித்த கருப்புத் துண்டும் இருபுறமும் பேக்கிங்கும் இருக்கும். ஒருமுறை கழற்றி மாட்டும்போது பழைய பேக்கிங்கையே போட்டால் கிழிசல் வழியாகக் காற்று இழுக்கும். சேதராப்பட்டு, திருச்சிற்றம்பலம் பக்கத்துச் செம்மண் புழுதி செய்வது இதற்கு நேர்மாறு: ஏர் ஃபில்டரை அடைத்துப் பெட்ரோலை மிகுதியாக்கிக் கரும்புகை விட வைக்கும். இரண்டிலும் இழுவை குறையும். இரண்டுக்கும் ஸ்பிரிங்கைத்தான் குறை சொல்வார்கள். மழுங்கிய பிளேடையும் இதில் சேர்க்க வேண்டும். கூர் போன பிளேடு புல்லை வெட்டாமல் அடித்துக் கிழிக்கும். அதற்கு ஆகும் சக்தி எஞ்சினை அடக்கும். "ரேஸ் போதலை, ஏத்தி வை" என்று கேட்பார்கள். அரம் போட வேண்டிய இடத்தில் பிளையர் போடுகிறோம்.

கவர்னர் பக்கமே குறை இருக்கும் நேரங்களும் உண்டு. அவற்றையும் சொல்லியாக வேண்டும். ஜி.எக்ஸ். வகையில் கவர்னர் நெம்புகோலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே போகும் கம்பியைச் சுற்றி, தலைமுடிபோல மெல்லிய ஒரு ஸ்பிரிங் இருக்கும். கம்பியின் இரு முனைகளும் துளைக்குள் ஆடாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. கார்புரேட்டரைக் கழற்றும்போது அது கீழே விழும். எங்கே மாட்டுவது என்று தெரியாமல் டப்பாவில் போட்டு வைப்பார்கள். அன்றிலிருந்து எஞ்சின் துடிக்கும். பழைய மிஷின்களில் த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடினாலும், கம்பி வளைந்து எங்காவது உரசினாலும் இதே கதை. இன்னொன்று ஸ்பிரிங் மாட்டும் துளை. சில எஞ்சின்களின் நெம்புகோலில் வரிசையாகப் பல துளைகள் இருக்கும். நெம்புகோல் சுழலும் மையத்துக்குப் பக்கத்துத் துளையில் மாட்டினால் கவர்னர் கூர்மையாகும்: சுமை வந்தாலும் வேகம் அதிகம் இறங்காது, ஆனால் ஹன்ட்டிங் வரும் வாய்ப்பு கூடும். தள்ளியிருக்கும் துளையில் மாட்டினால் அமைதியாகும், ஆனால் சுமையில் வேகம் கூடுதலாக இறங்கும். மேக்ஸ்வெல் கணக்காகச் சொன்னதை இந்தத் துளை வரிசையில் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம்.

இனி, அடிப்படைச் சரிசெய்தல். எஞ்சினைப் பிரித்து மாட்டியிருந்தாலோ, கவர்னர் நெம்புகோலின் நட்டு தளர்ந்து நழுவியிருந்தாலோ இதைச் செய்தே ஆக வேண்டும். எஞ்சின் நிற்க வேண்டும். பிளக் ஒயரைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டும். தண்டை நெம்புகோலோடு இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டை, ஜி.எக்ஸ். வகையில் 10 எம்.எம். ஸ்பேனரால், தளர்த்துங்கள். நெம்புகோலை நகர்த்தி த்ராட்டில் முழுதாகத் திறக்கும் நிலைக்குக் கொண்டுபோய் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு நெம்புகோல் எந்தத் திசையில் திரும்பியதோ, அதே திசையில் கவர்னர் தண்டைப் பிளையரால் மெல்லத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் தண்டு நின்றுவிடும். இரண்டையும் அப்படியே பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். உள்ளே எடைகள் முழுதாக மடங்கியிருக்கும்போது வெளியே த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும் என்பதே இதன் கணக்கு. தண்டை எதிர்த்திசையில் திருப்பி இறுக்கிவிட்டால் எடைகள் விரிந்தும் த்ராட்டில் மூடாது. கயிறு இழுத்த மறுகணம் எஞ்சின் அலறிக்கொண்டு பறக்கும். அப்படி நடந்தால் உடனே ஸ்விட்சை அணைக்க வேண்டும். முதல்முறை கிளப்பும்போது ஒரு கை ஸ்விட்சிலேயே இருப்பது நல்லது.

அதற்குப் பிறகுதான் திருகுகளின் வேலை. மூன்று திருகுகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது சர்வ சாதாரணம். த்ராட்டிலை முழுதாக மூடவிடாமல் தடுப்பது ஸ்லோ ஸ்பீடு திருகு. பைலட் ஜெட்டின் கலவையைக் கூட்டிக் குறைப்பது இன்னொன்று. புதிய எஞ்சின்களில் இதைத் திருப்பவே முடியாதபடி தொப்பி போட்டிருப்பார்கள். மூன்றாவது, முயல் முனையில் நெம்புகோல் எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை கட்டும் திருகு. அதிகபட்ச வேகத்தைத் தீர்மானிப்பது இதுதான். கேபிள் தளர்ந்திருந்தால் நெம்புகோல் அந்த எல்லையைத் தொடாமலே நின்றுவிடும். கேபிளின் பிடிக்கொக்கியைக் கொஞ்சம் நகர்த்தினாலே போன சக்தி திரும்பும். அதைச் செய்யாமல் மூன்றாவது திருகைப் பின்னுக்கு இழுப்பவர்கள் உண்டு.

அதிகபட்ச வேகம் எவ்வளவு இருக்கலாம் என்பதை எஞ்சின் சொல்லாது. எஞ்சினோடு மாட்டியிருக்கும் மிஷின்தான் சொல்லும். புல்வெட்டியில் அந்த எல்லையை வைப்பது பிளேடின் நுனி. அமெரிக்கத் தரம் ஒன்று, பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்கிறது. மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர். 21 அங்குலப் பிளேடு அந்த எல்லையைத் தொடுவது ஏறத்தாழ 3,450 ஆர்.பி.எம்.மில். அதனால்தான் அந்த அளவு புல்வெட்டிகளை 3,000-க்குச் சற்று மேலே வைத்து அனுப்புகிறார்கள். பிளையரின் ஒரு வளைப்பில் எஞ்சின் 4,000-க்குப் போனால் நுனி மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொடும். அந்த வேகத்தில் பிளேடு அடித்து எறியும் கல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆலை வளாகத்தில் பக்கத்திலேயே கண்ணாடி முகப்பு, வண்டி நிறுத்துமிடம், ஷிப்டு மாறி வெளியே வரும் ஆட்கள். கைப்பிடியை விட்டதும் பிளேடு 3 நொடிக்குள் நிற்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1982-இலேயே அமலுக்கு வந்தது. அந்தக் கைப்பிடிக் கம்பியைச் சணல் கயிற்றால் கட்டி வைத்து ஓட்டும் மிஷின்களை நம் பக்கத்தில் பார்க்கிறோம். கவர்னரைக் கெடுப்பதும் இந்தக் கயிறும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எஞ்சினுக்குள் நடப்பது வேறு. பிஸ்டனை மேலும் கீழும் திருப்பும்போது கனெக்டிங் ராடு தாங்கும் இழுவிசை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 3,600-இலிருந்து 4,200-க்குப் போனால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது. விசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சின்ன எஞ்சின்களின் ராடு அலுமினியம், பெரும்பாலும் தனி பேரிங் இல்லாமல் நேராகக் கிராங்க்கில் உட்கார்ந்திருக்கும். ஆயிலும் பம்ப் இல்லாமல் தெளித்தே போய்ச் சேர்கிறது. ராடு முறிந்தால் எஞ்சின் உடம்பைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பிறகு பழைய இரும்புக் கடைதான்.

ஜெனரேட்டரில் கவர்னரின் வேலை இன்னும் கறாரானது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டித் தெருவெல்லாம் தண்ணீர். இப்படிப்பட்ட நாள்களில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை ஜெனரேட்டர் வெளியே வரும். ஒரு ஜெனரேட்டரில் மூன்று வீட்டு ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் மாட்டுவார்கள். எஞ்சின் அடங்கி, பல்பு மங்கும். உடனே யாராவது கவர்னர் திருகைத் தேடிப் போவார்கள்.

இங்கே ஓடும் வழக்கமான சிறு ஜெனரேட்டர்கள் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும். இரண்டு துருவ ஆல்டர்னேட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை சுற்றோ அத்தனை ஹெர்ட்ஸ்; வேறு கணக்கு இல்லை. சுமையில்லாமல் 52 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால், சுமை ஏறியதும் இறங்கி 50-இல் நிற்கும். திருகை ஏற்றிவிட்டால், சுமை இருக்கும்வரை எல்லாம் நன்றாகத் தெரியும். தண்ணீர் மோட்டாரை நிறுத்திய கணத்தில் வேகமும் வோல்டேஜும் ஒன்றாக எகிறும், டி.வி.யும் சார்ஜரும் அப்போதுதான் போகும். அமெரிக்கக் கையேடுகளில் ஜெனரேட்டருக்கு 3,600 என்று எழுதியிருக்கும். அங்கே 60 ஹெர்ட்ஸ். அதைப் பார்த்து இங்கே வைத்துவிடக் கூடாது. பல்பு மங்கினால் சுமையைக் குறைப்பதுதான் மருந்து. இன்வெர்ட்டர் வகைச் சிறு ஜெனரேட்டர்கள் இதிலிருந்து விலக்கு. அவற்றில் எஞ்சின் வேகம் சுமைக்கேற்ப மாறினாலும் மின்னணுச் சுற்று 50 ஹெர்ட்ஸைக் காப்பாற்றும். அந்த வகையில் திருகைத் தேடவே வேண்டாம்.

கவர்னரின் அருமை எனக்கு மிகத் தெளிவாகத் தெரிவது கடலில்தான். 2004 சுனாமிக்குப் பிறகு சோழமண்டலக் கரையில் பெருகிய ஃபைபர் படகுகளில், நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் மாட்டிய சிறு டீசல் எஞ்சின் இருக்கும். கரையோர அலையைத் தாண்டும்போது படகின் பின்பக்கம் தூக்கி, புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வரும். அந்த ஒரு நொடியில் முழுச் சுமையும் காணாமல் போகிறது. கவர்னர் அந்த நொடிக்குள் டீசலைக் குறைக்க வேண்டும். அடுத்த நொடி தண்ணீருக்குள் விழுந்ததும் திரும்பக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அலைக்கும் இப்படி. டீசல் எஞ்சினில் த்ராட்டில் தகடு கிடையாது. கவர்னர் பம்ப்பின் டீசல் அளவையே நேராகக் கட்டுப்படுத்துகிறது. அது சிக்கிக்கொண்டால் எஞ்சின் நிற்காது, கட்டுமீறும். புல்தரையில் கவர்னரைக் கெடுத்தால் மிஷின் போகும். அலைக்கு நடுவே கெட்டால் படகே போகும்.

பிரஷ் கட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோளில் மாட்டி ஓட்டும் அந்தச் சிறு எஞ்சின்களில் பெரும்பாலும் கவர்னரே கிடையாது. விரல் விசை நேராகக் கார்புரேட்டரைத் திறக்கும். மையவிலக்கு கிளட்ச் பிளேடைச் சுழற்றும். புல்வெட்டியில் கற்றதை அதிலோ, அதில் கற்றதைப் புல்வெட்டியிலோ பயன்படுத்தக் கூடாது.

எஞ்சின் மாற்றிப் பொருத்துவதைப் பற்றி மட்டும் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை புதுப்பேட்டையிலிருந்தும் உள்ளூர்ப் பழைய கடைகளிலிருந்தும் வாங்கிய எஞ்சின் இன்று பம்ப்பில், நாளை பவர் வீடரில், நாளை மறுநாள் புல்வெட்டியில் ஓடும். சிக்கனம் நல்லதுதான், நம் பட்டறைகளின் திறமையே அதில்தான் இருக்கிறது. கிரீவ்ஸ் எம்.கே. 25 போலப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்ப் எஞ்சின்களைப் பல ஆண்டு காப்பாற்றியவர்களும், யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிளை ஓடவைத்தவர்களும் இதே மரபுதான். ஆனால் பம்ப்புக்காக 3,600-க்கு மேல் வைத்த எஞ்சின் 21 அங்குலப் பிளேடைச் சுழற்றத் தகுதியானதல்ல. 3,000-இல் நிற்க வேண்டிய ஆல்டர்னேட்டரைச் சுழற்றவும் தகுதியானதல்ல. எஞ்சின் மாறும்போதெல்லாம் அதிகபட்ச வேகத்தைப் புதிதாக அளந்து வைக்க வேண்டும். காதால் அளக்க முடியாது. அனுபவசாலியின் காதும் 3,200-க்கும் 3,700-க்கும் உள்ள வித்தியாசத்தை நிச்சயமாகச் சொல்லாது; சைலன்சர் ஓட்டையானால் குறைந்த வேகமே பெரிதாகக் கேட்கும்.

அளக்கும் கருவி விலை உயர்ந்ததல்ல. பிளக் ஒயரில் சுற்றும் சின்ன டேக்கோமீட்டர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இந்தச் சிறு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பெரும்பாலும் ஃப்ளைவீல் காந்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி கொடுக்கிறது. மீட்டரை இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று வைத்திருந்தால் 3,000 என்பது 6,000 என்று காட்டும். ஜெனரேட்டருக்கு மீட்டரே வேண்டாம்; ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டர் போதும்.

த்ராட்டிலை மோட்டாரால் அசைக்கும் மின்னணு கவர்னர்கள் வந்துவிட்டன. பேட்டரி புல்வெட்டிகளும் நகரத்துப் பூங்காக்களை நோக்கி வருகின்றன. ஆனால் சேதராப்பட்டிலும் வானூரிலும் ஸ்பிரிங்கும் எடையும் வைத்த எஞ்சின்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடத்தான் போகின்றன. ஐ.டி.ஐ.களில் மோட்டார் வாகனம், டீசல் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்குச் சின்ன எஞ்சின் கவர்னரை ஒருநாள் கையில் கொடுத்துக் கழற்றி மாட்டச் சொன்னால் போதும். இந்தப் பக்கத்துப் பட்டறைகளின் தரமே மாறிவிடும். மெக்கானிக்குகளிடம் ஒரு வேண்டுகோள்: சரிசெய்து முடித்ததும் வைத்த ஆர்.பி.எம்.மை எஞ்சின் மூடியில் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள், தேதியோடு. அடுத்தவர் கை வைக்கும்போது அது வழிகாட்டும். மிஷின் வைத்திருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பழுது பார்த்த மிஷினைத் திரும்ப எடுக்கும்போது சத்தத்தைக் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். "சுமையில்லாம எத்தனை ஆர்.பி.எம். வச்சிருக்கீங்க அண்ணே?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாவிட்டால், அளந்து சொல்லும்வரை அந்த மிஷினை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள்.